தரவு மையம் வேண்டுமா என்று ஊரைக் கேட்பார்களா?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில், இணையத் தகவல்களைச் சேமித்துக் கையாளும் கணினிகள் நிறைந்த தரவு மையம் ஒன்றுக்கு நிலம் பார்க்கிறார்கள் என்றும், முதலில் சிறிதாகத் தொடங்கிப் பின்னர் பல மடங்கு விரிவாக்குவார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட விரிவாக்கத்தை எதிர்த்து ஊர் மக்கள் கையெழுத்துத் திரட்டி, வாக்கெடுப்பு நடத்தச் சொல்கிறார்களாமே. நாங்களும் அதையே செய்தால் செல்லுமா?
– பல்லடம் வாசகர்

பதில்: கையெழுத்துத் திரட்ட உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்துகளைப் பெற்றுக்கொண்டு வாக்குப்பெட்டி வைத்தே தீர வேண்டும் என்று எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அங்கே அது இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில், கடந்த ஆளுநர் தேர்தலில் ஒரு நகரில் பதிவான வாக்குகளில் 15 சதவீதத்துக்குச் சமமான எண்ணிக்கையில் வாக்காளர்கள் கையெழுத்திட்டு ஒரு சட்ட வரைவைக் கொடுத்தால், நகர மன்றம் அதை மாற்றமின்றி 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் மக்களின் வாக்குக்கு விட வேண்டும். மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள போர்ட் வாஷிங்டன் என்னும் சிறு நகரத்தார், வான்டேஜ் நிறுவனத்தின் பெரிய தரவு மையத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, இந்த வழியைத்தான் கையில் எடுத்தார்கள். அவர்கள் எழுதிய வாசகத்தைக் கவனியுங்கள். தரவு மையம் வேண்டாம் என்று அவர்கள் எழுதவில்லை. ஒரு திட்டத்தால் பெருகும் சொத்து வரியை அந்தத் திட்டத்தின் சாலைக்கும் குழாய்க்குமே திருப்பிவிடும் ஏற்பாடு ஒன்று அங்கே உண்டு. பெரிய அளவில் அப்படிச் செய்யுமுன் வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றே எழுதினார்கள். தங்கள் மன்றத்தின் அதிகாரம் எதுவரை செல்லுமோ அதுவரைக்கும் அளந்து கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டிலும் கையெழுத்து வாக்கெடுப்பாக மாறும் இடம் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் மொத்த வாக்காளர்களிலோ பெண் வாக்காளர்களிலோ 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், ஊரின் மதுக்கடையை மூடுவது பற்றி இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். நிற்கும் பாட்டிலும் படுத்த பாட்டிலும் சின்னங்கள்! சாராயத்துக்குக் கிடைத்த இந்த உரிமை தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இன்னும் கிடைக்கவில்லை. ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக மறுத்ததைச் சிலர் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். அந்தத் தீர்ப்பு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் மீது நின்றது. சமவெளியில் தோட்டம் வைத்திருக்கும் பல்லடத்துக்காரருக்கு அது அப்படியே பொருந்தாது.

ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது கிராம சபை. அதன் தீர்மானம் வாக்கெடுப்புப் போல ஒரு திட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்து மக்கள் எத்தனை முறை தீர்மானம் போட்டும் அரசு பின்வாங்கவில்லை. இருந்தாலும் வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்கும் தீர்மானத்தைவிட, விடை சொல்லியாக வேண்டிய கேள்விகளை அடுக்கும் தீர்மானத்துக்கு வலு அதிகம் என்பது என் கருத்து. இயந்திரங்களைக் குளிர்விக்கத் தண்ணீரை ஆவியாக்கும் முறையா, காற்றால் குளிர்விக்கும் முறையா? ஆவியாக்கும் முறை என்றால் தண்ணீர் நாள்தோறும் தேவைப்படும். அது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரா, குடிக்கும் நல்ல தண்ணீரா, சுத்திகரித்த கழிவுநீரா? டீசல் ஜெனரேட்டர்கள் எத்தனை, எவ்வளவு நேரம் ஓடும்? மின்சாரக் கணக்கை நீங்களே போடலாம். 50 மெகாவாட் இடைவிடாமல் எடுக்கும் மையம் ஒரு நாளில் 12 லட்சம் யூனிட் செலவழிக்கும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீடுகள் 3,60,000-க்கு அது சமம். 'முதலில் சிறிதாக' என்று சொல்லி வருபவரிடம், எல்லாக் கட்டமும் முடிந்தபின் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சாயக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு கணக்குப் பார்த்தவர்கள் நாம்.

கேள்வி: மாவட்ட ஆட்சியர் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தால் போதாதா?
– காங்கேயம் வாசகி

பதில்: அந்தக் கூட்டமே நடக்காமல் போகலாம், அம்மா. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தரவு மையத்துக்கென்று தனி வகை இல்லை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படுபவை பொதுவாகக் கட்டடத் திட்டம் என்ற வகையில் அனுமதி கேட்கின்றன. அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளை மனத்தில் வைத்து எழுதிய விதிக்குள் இவ்வளவு மின்சாரம் எடுக்கும் கட்டடமும் நுழைந்துவிடுகிறது. மாற்றக் கோர வேண்டிய முதல் விதி இதுதான். ஆனால் அது டெல்லியின் கையில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். தீர்மானத்தை யாரிடம் கொண்டுபோவது?
– பெருந்துறை வாசகர்

பதில்: கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லையென்றாலும் கிராம சபை இல்லாமல் போகாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நிலம் இல்லாத கூலிக்காரரும் விசைத்தறித் தொழிலாளியும் அங்கே நூறு ஏக்கர்காரருக்குச் சமம் என்பதால், வேலை கிடைக்கும் என்று ஆதரிப்பவர்களையும் பேச விடுங்கள். அவர்கள் சொல்வதும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 200 பேர் வந்திருக்க வேண்டும். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஆட்சியருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று நீர்க் கணக்குக் கேட்பவரைப் பொருளுக்குப் புறம்பாகப் பேசுகிறார் என்று உட்கார வைக்க முடியாது.