குதிகால் கொப்புளமும் திருவண்ணாமலை நடையும்

புது ஷூ போட்டுக் காட்பாடி வரை நடந்ததற்கே இரண்டு குதிகாலிலும் கொப்புளம், அடுத்த மாதம் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு எப்படி நடப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். முதலில் இந்தக் கொப்புளம் ஆறட்டும், தோலை உரிக்காதீர்கள்.

அப்புறம் ஷூவைப் பாருங்கள். நடக்கும்போது குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறதா? அந்த உரசல்தான் வினை, வியர்வை அதைக் கூட்டும். மேலே கடைசியாக இருக்கும் ஓட்டையிலும் கயிற்றைக் கோத்துக் கட்டிப் பாருங்கள். அப்படியும் வழுக்கினால் வேறு ஷூதான். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் கடைக்குப் போங்கள். நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டு எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

ஆம்பூரில் ஆசையாக வாங்கிய தோல் ஷூவைப் பழக்காமலேயே போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை கிளம்பினேன். கண்ணமங்கலம் வருவதற்குள் நொண்ட ஆரம்பித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போட இன்றும் அதுதான், அது வேறு விஷயம்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் உலரும் விளையாட்டு சாக்ஸ் மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, நனைய நனைய மாற்றுங்கள். எங்காவது சுள்ளென்று எரிந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, காலைத் துடைத்துப் பிளாஸ்திரியைச் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். போளூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் போளூரில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள். சர்க்கரை இருந்தால் மட்டும், டாக்டரிடம் காலைக் காட்டாமல் கிளம்ப வேண்டாம்.