முதலாமாண்டுப் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

நம் இராமநாதபுரம் மாவட்ட ஊர்களிலிருந்து இந்த வருஷம் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த பிள்ளைகள், படிப்பில் எங்கே தடுக்குகிறதென்று எழுதி அனுப்புங்கள் என்றிருந்தேன். நான் மண்டபத்துக்காரி. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி பார்த்தவள், இப்போது வேதியியல் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தங்கச்சிமடம் மாணவி: பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க் நான். இங்கே முதல் இன்டர்னலில் 25க்கு 7. நோட்ஸும் தருவதில்லை. எனக்குப் படிப்பு மறந்துபோச்சா மேடம்?

மறக்கவில்லைம்மா. பள்ளியில் உன் படிப்புக்குக் காவல் இருந்தது. காலையில் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் டெஸ்ட், அதற்கு மேல் திருப்புதல் தேர்வு. கல்லூரியில் அந்தக் காவல் கிடையாது. ஒரு செமஸ்டர் என்பது ஏறக்குறைய 90 வேலை நாள், பாடத்துக்கு ஐந்து யூனிட். கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 18 நாள். அதை யாரும் உனக்கு நினைவூட்ட மாட்டார்கள்.

முதலில் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து சிலபஸை இறக்கிப் பிரிண்ட் எடு. கடைசியில் பாடநூல்களின் பெயர் இருக்கும். நூலகத்தில் அவற்றைக் கேள். நோட்ஸ் எதிலிருந்து வருகிறதோ அந்தப் புத்தகமே உன் கைக்கு வந்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். என் அப்பா கரையேறியதும் வலையை மணலில் விரித்து, ஒவ்வொரு கண்ணாக விரலால் தடவிக்கொண்டே போவார். அறுந்த இடத்தில் விரல் நிற்கும். எவ்வளவு அசதியாக இருந்தாலும் அன்றைக்கே முடிச்சுப் போட்டுச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். நீயும் அன்றன்று நடத்தியதை அன்று சாயங்காலமே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார். பேனா நிற்கிற இடம்தான் கிழிசல். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வுக்கு முதல்நாள் ராத்திரி எல்லாம் தெரிகிற மாதிரி இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பேனா நின்ற இடத்தை எடுத்துக்கொண்டு உன் ஆசிரியரிடம் போ. ‘யூனிட் இரண்டு புரியல’ என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? ‘மூணாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி வந்துச்சு சார்?’ என்று கேள், அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தேன். நடத்தியவரைக் குறை சொல்லிக்கொண்டே அடுத்த தேர்விலும் கோட்டைவிட்டேன். ஒரு சந்தேகமாவது போய்க் கேட்டேனா என்றால், இல்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பாம்பன் மாணவர்: பன்னிரண்டு வரை தமிழ் வழி. இங்கே எல்லாம் இங்கிலீஷ். வாயைத் திறக்கவே பயம்.

தம்பி, தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடம், ஒரே வரிசை. இரண்டும் இணையத்தில் இலவசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ‘வினையூக்கி’ இருக்கிற வரிக்கு நேரே ‘கேட்டலிஸ்ட்’ இருக்கும். உனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தின் வழியாக வார்த்தை வந்து சேரும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும். சந்தேகத்தைத் தமிழிலேயே கேள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொண்டி மாணவர்: அப்பாவுடன் படகுக்குப் போவதால் வாரத்தில் ஒரு நாளாவது லீவு. அட்டென்டன்ஸ் 70தான் இருக்கு.

75 வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வெழுத விடுவார்கள். ரொம்பக் குறைந்தால் அதுவும் இல்லை. இதைத் தேர்வு நேரத்தில் போய்ச் சொல்லாதே, நாளைக்கே வகுப்பு ஆசிரியரிடம் வீட்டு நிலைமையைச் சொல். கடலுக்குப் போகிற நாளை சனி, ஞாயிறுக்கு மாற்ற முடியுமா என்று அப்பாவிடமும் பேசு. இன்னொன்று: விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இரண்டாவது செமஸ்டர் தேர்வும் அதையொட்டித்தான் வரும், வீட்டில் கையிருப்பு கரைகிற நேரம். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில் கேள்.

பரமக்குடி மாணவி: ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லை. இரண்டு மாதமாக வகுப்பு நடக்கவில்லை. இதற்கும் நாங்கள்தான் பொறுப்பா?

இல்லைம்மா. ஆசிரியர் போடாதது உங்கள் தப்பே அல்ல, அதை உங்கள் தலையில் நான் கட்டமாட்டேன். வகுப்பு மொத்தமும் கையெழுத்திட்டு முதல்வரிடம் மனுக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வுத் தேதி யாருக்காகவும் நிற்காது. ஐந்து பேர் ஆளுக்கொரு யூனிட் எடுத்துப் படித்து மற்றவர்களுக்கு நடத்துங்கள். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் காணொளிப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. மனு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம்.

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்: மகள் எந்நேரமும் போன். பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கலாமா? நான் எட்டாவதுதான்.

உட்கார வேண்டாம்மா. ராத்திரி சோறு போடும்போது, ‘இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு’ என்று கேளுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், அவள் மறுபடி சொல்லட்டும். அதற்கு நீங்கள் படித்த எட்டாவது தாராளமாகப் போதும்.