வகுப்பில் மல்டிமீடியா கதை ப்ராஜெக்ட்: எந்த செயலியில் ஆரம்பிப்பது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வாரத்தில் படம், குரல், இசை எல்லாம் சேர்ந்த கதை ப்ராஜெக்ட் செய்யவேண்டும், எந்த செயலி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். செயலியைக் கடைசியாகப் பாருங்கள். முதல் வாரம் முழுக்கக் கணினியே வேண்டாம், பேப்பரும் வாயும் போதும்.

நான் முதல் தடவை முதல் நாளே எடிட்டிங் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எழுத்துரு மாற்றுவதிலும் ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போகிற ட்ரான்சிஷன் போடுவதிலும் இரண்டு வாரம் போய்விட்டது, கடைசியில் பார்த்தால் வீடியோ எல்லாம் பளபளவென்று இருந்தது, கதைதான் இல்லை. அடுத்த வருடம், 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலானோர் தொடங்கிய டிஜிட்டல் கதைசொல்லல் பட்டறைகளின் வழியைப் பிடித்துக்கொண்டேன்: வட்டமாக உட்கார்ந்து கதையை முதலில் வாயால் சொல்வது, மற்றவர்கள் கேள்வி கேட்பது, அப்புறம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிற மாதிரி எழுதி, சொந்தக் குரலில் பதிவு செய்வது.

அந்த வட்டத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு மாணவி தன் பாட்டியின் தையல் மெஷினைப் பற்றி எழுதி வந்திருந்தாள். பாட்டி அன்பானவர், உழைப்பாளி என்று ஒரு பக்கம். கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன், "அந்த மெஷின் இப்போ எங்கே?" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "மாடி அறையில மூடி வச்சிருக்கு, ஊசியில இன்னும் நீல நூல் இருக்கு" என்றாள். எழுதிய பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு அந்த நீல நூலில் ஆரம்பித்தாள். மிதியை மெதுவாக மிதித்து அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வந்து, முடிவில் அது நின்றதும் நான்கு விநாடி எந்த ஒலியும் வைக்காமல் விட்டாள். வகுப்பே மூச்சுக் காட்டவில்லை. அங்கே பின்னணி இசை போட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

இரண்டாவது வாரம் ஸ்டோரிபோர்டும் ஒலிப்பதிவும். கட்டம் போட்டுக் குச்சி மனிதர்கள் வரைந்தால் போதும், எந்த வரிக்கு எந்தப் படம் என்று தெரிந்தால் சரி. ஒலிப்பதிவுக்குப் போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், யாரும் பேசாமல் அறையின் வெறும் ஒலியையும் பத்து விநாடி பதிவு செய்து வையுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது உதவும்.

படங்கள் அவர்களே எடுத்ததாக, வரைந்ததாக இருப்பது நல்லது. வெளியிலிருந்து எடுத்தால் படத்துக்கு விக்கிமீடியா காமன்ஸ் தளம், ஒலிக்கு ஃப்ரீசவுண்ட் தளம். உரிமத்தைப் படித்து, தந்தவர் பெயரை அப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற பொதுப் பகிர்வு உரிமத்தில் 'என்டி' (ND) என்று இருந்தால் அதை மாற்றிப் பகிரக் கூடாது.

இன்னொன்று, பெரும்பாலான வீடியோ எடிட்டிங் மென்பொருள்களில் ப்ராஜெக்ட் கோப்புக்குள் படங்கள் இருப்பதில்லை, அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அந்தக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள், முதல் நாளிலிருந்தே.

சரி, செயலி. ஒலிக்கு இலவசமான ஆடாசிட்டி. வீடியோவுக்கு உங்கள் கணினியில் ஏற்கனவே என்ன இருக்கிறதோ அது. படிப்பவரே பாதையைத் தேர்ந்தெடுக்கிற கதை என்றால் ட்வைன், அசைகிற பாத்திரங்கள் வேண்டுமென்றால் ஸ்க்ராட்ச். மதிப்பெண்ணில் பாதியை எழுத்துக்கும் குரலுக்கும் வைத்து, அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். திரையிடலுக்கு முந்தைய நாள் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கே, அதாவது முடித்த வேலையை வீடியோ கோப்பாக மாற்றி எடுப்பதற்கே, காலியாக வையுங்கள்.