கடல்கன்னி ஷோவுக்குத் தொட்டி: கேள்வி பதில்

கல்யாண ரிசப்ஷன், மால், பொருட்காட்சி என்று கழற்றி மாட்டும் தொட்டிகளில், மீன்வால் மாட்டிய கலைஞர் நீந்தும் கடல்கன்னி ஷோ நடக்கும்போது, ஏதாவது ஆனால் குதிக்கத் தயாராகத் தொட்டி ஓரத்தில் ஈர உடையோடு நிற்கிற ஆள் நான். நிரப்புவதிலிருந்து வடிப்பது வரை கூடவே இருப்பேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, முதல் தடவையாக இந்த ஷோ எடுக்கிறோம். குறைந்தது எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? (கோவை)

கலைஞருக்கு வாலை மாட்டிவிட்டு, கையைத் தலைக்கு மேல் நீட்டிப் படுக்கச் சொல்லி அளந்து பாருங்கள். இரண்டரை மீட்டர் சாதாரணமாக வரும். உள்ளளவு 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால் திரும்பலாம், குட்டிக்கரணம் போடலாம். அதற்கும் சின்னதென்றால் அவர் நீந்தமாட்டார், ஊறுகாய் மாதிரி ஊறத்தான் செய்வார். ஷோ முழுக்க ஒரே போஸ்தான் என்றால் சரி, சின்னதே போதும்.

மண்டபம் முதல் மாடியில். "ஐந்நூறு பேர் ஆடுகிற தரை, தாங்கும்" என்கிறார் மேனேஜர். வைக்கலாமா?

இதே வசனத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஐந்நூறு பேரும் ஒரே மூலையில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்பதில்லையே! மேலே சொன்ன தொட்டியில் 6,750 லிட்டர், அதாவது ஆறே முக்கால் டன் தண்ணீர். அது நிற்கும் இடம் நாலரை சதுர மீட்டர்தான். ஒரு சதுர மீட்டருக்கு 1,500 கிலோ, தொட்டியைத் தாங்கும் சட்டத்தின் எடை தனி. நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குகளுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. நம் தொட்டி அதைப்போல மூன்று மடங்கு. இது எங்கே, அவர் பேச்சு எங்கே.

கட்டடப் பொறியாளர் எழுத்தில் கொடுக்காமல் மாடி வேண்டாம். அந்த வசனத்தை நான் கேட்ட அன்றைக்கு நாங்கள் கீழே கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டு நடத்தினோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் சுருங்கியது, போகட்டும்.

தரைத்தளத்திலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் தண்ணீர்க்கோடு சாய்ந்து தெரியும், இணைப்புகளில் இழுவையும் ஏறும். மண் தரையில் ஒரு ஓரம் மெல்ல அமுங்கி, நிரப்பியதை முழுக்க வடித்து மறுபடி மாட்டிய இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கண்ணாடியா, அக்ரிலிக்கா, பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த தார்ப்பாய்க் குளமா?

ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அக்ரிலிக். கண்ணாடி கனம், பயணத்தில் முனை தட்டினால் போச்சு. தார்ப்பாய்க் குளம் மலிவு, சீக்கிரம் மாட்டலாம். ஆனால் அதன் மெல்லிய ஜன்னல் வளைந்து, உள்ளே இருப்பவர் முகம் நெளிந்து தெரியும். குழந்தைகள் பிறந்தநாளுக்குப் போதும்.

எதை வாங்கினாலும் ஆழத்தைக் கூட்டும்போது யோசியுங்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் முன்பக்கப் பலகை தாங்குவது மூன்று டன்னுக்கு மேல். ஆழத்தை இரண்டு மீட்டராக்கினால் அந்தத் தள்ளுவிசை கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. பழைய தொட்டியின் மேல் ஒரு பட்டையை ஒட்டி உயர்த்திவிடலாம் என்று வருகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் பெர்லினில் ஒரு ஹோட்டலின் நடுவே நின்ற மாபெரும் அக்ரிலிக் மீன்தொட்டி அதிகாலையில் உடைந்து, பத்து லட்சம் லிட்டர் தெருவுக்கு வந்தது. நம்முடையது அதன் பக்கத்தில் கொசு. ஆனால் உள்ளே மனுஷி இருக்கிறாள்.

அப்புறம், அக்ரிலிக்கை ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் எதனாலும் துடைக்காதீர்கள். மயிரிழை வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்.

லாரித் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. குளோரின் போட்டதும் டீ நிறமாகிவிட்டது!

போர் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு. குளோரின் பட்டதும் அது துருவாக வெளியே வரும். லாரியை இறக்கவிடும் முன்பே ஒரு வாளி பிடித்து, சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நிறம் மாறினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே இறக்கியாயிற்று என்றால் படிகாரம் போட்டுப் படியவிட்டு, வடிகட்டியை இரவு முழுக்க ஓட்ட வேண்டியதுதான். எப்படியும் முந்தின நாளே நிரப்புங்கள். புதுத் தண்ணீர் சுவரெல்லாம் குமிழி ஒட்டி மங்கலாகத் தெரியும்.

ஊட்டியில் டிசம்பர் ரிசப்ஷன். தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு நேரம்?

16 டிகிரித் தண்ணீரை 30-க்குக் கொண்டுவர 110 யூனிட் கரண்ட். 9 கிலோவாட் ஹீட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், இரவுக் குளிரில் இழப்பது தனி. மேலே மூடி போடாவிட்டால் விடிய விடிய ஊட்டியைத்தான் சூடாக்குவீர்கள். 28-க்குக் கீழே கலைஞரை இறக்காதீர்கள், உதடு நடுங்கினால் சிரிப்பு வராது.

கண் எரிகிறது என்கிறார் எங்கள் கலைஞர்.

குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2 முதல் 7.8. இதைச் சரிபாருங்கள். அதற்கும் மேல் எரிந்தால் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, கண்ணீரின் உப்பளவு. இந்தத் தொட்டிக்கு 60 கிலோ மூட்டை! பம்ப்பும் இரும்புச் சட்டமும் துருப்பிடிக்கும் என்பதால் நான் ஓரிரு நாள் ஷோவுக்குச் சொல்வதில்லை.

ஃப்ளோரிடாவில் காற்றுக்குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டே ஆடுகிறார்களே, நாங்களும் வைக்கலாமா?

வீக்கி வாச்சீ ஊற்றில் 1947-லிருந்து அப்படித்தான். அங்கே அதற்கென்றே பயிற்சி கொடுத்து இறக்குகிறார்கள். உங்கள் தொட்டி ஒன்றரை மீட்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அடியில் குழாய்க்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் அந்த ஆழத்திலேயே நுரையீரல் கிழியலாம். டைவிங் படித்தவருக்கு மட்டும் குழாய். மற்றவர்கள் மேலே வந்து மூச்சு வாங்கட்டும். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிடும் பழக்கத்தையும் தடுங்கள். மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயங்கிவிடுவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் நடிப்பு மாதிரியே இருக்கும். கண்ணை எடுக்காத ஒருவர் ஓரத்தில் நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

கரண்ட்?

30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் பம்ப்பைக்கூடப் போடாதீர்கள். ஆள் உள்ளே இருக்கும்போது ஹீட்டர் அணைந்திருக்கட்டும். விளக்கை மேலிருந்து அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் பார்வையாளர்கள் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஷோ முடிந்ததும் தண்ணீரை எங்கே விடுவது?

நிமிடத்துக்கு 200 லிட்டர் பம்ப்பில் முக்கால் மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். எங்கே விடலாம் என்று மண்டபத்தில் முன்பே கேளுங்கள். குளோரின் இறங்கும்வரை செடிக்கு வேண்டாம், உப்பு போட்டிருந்தால் எப்போதுமே வேண்டாம். ஒருமுறை பின்வாசல் பக்கம் விட்டோம். பந்தி முடிந்து அங்கே படுத்திருந்த சமையல்காரர்கள் பாயோடு மிதந்து எழுந்தார்கள்.