அட்டவணையில் நடக்காத ஆட்டங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1870களின் அமெரிக்காவில் இயங்கும் ஒரு கற்பனை பேஸ்பால் லீக்கை வைத்து நாவல் எழுதி வருகிறேன். எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழுடனும் பத்து ஆட்டங்கள் ஆட வேண்டும். ஓர் அணியை நிலையாக வைத்து மற்றவற்றைச் சுழற்றும் முறையில் 280 ஆட்டங்களுக்கும் தேதி குறித்து, ஒன்று சொந்த ஊரில், அடுத்தது வெளியூரில் என்று அமைத்து இணைத்திருக்கிறேன். இது அக்காலத்துக்குப் பொருந்துமா? அணிகளின் பெயர்கள் சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு கற்பனை லீக்குக்காக இத்தனை பொறுமையாக உழைப்பவர் மீது எனக்குப் பிரியம் வராமல் இருக்காது. சில மாதங்களாக நானும் அந்தக் காலத்துச் சீசன்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் உடனே எழுதுகிறேன். பெயர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். காலுறையின் நிறத்தைச் சொல்லியே பல அணிகளை அழைத்த காலம் அது.

அட்டவணைதான் பொருந்தவில்லை. உங்கள் செயின்ட் லூயிஸ் அணி செவ்வாய்க்கிழமை சொந்த மைதானத்திலும் புதன்கிழமை பாஸ்டனிலும் ஆடுகிறது. எந்த ரயிலில் ஏற்றி அனுப்பினீர்கள்? கிழக்கிலிருந்து ஓர் அணி மேற்கே புறப்பட்டால் சின்சினாட்டி, லூயிவில், செயின்ட் லூயிஸ், சிகாகோ என்று வரிசையாக ஆடிவிட்டுத்தான் வீடு திரும்பும். 1876இல் தொடங்கிய தொழில்முறை லீக்கான நேஷனல் லீக்கில் 1892 வரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய லீக்குகளில் இரவு ஆட்டம் 1935இல்தான் வந்தது. சுழற்சி முறை யார் யாரோடு ஆடுவது என்பதைத்தான் சொல்லும். முதலில் ரயில் பாதையை வரையுங்கள், வாரத்துக்கு மூன்று ஆட்டம் வையுங்கள், மற்றது தானாக அமையும்.

ஆனால் என்னை உண்மையிலேயே வருத்தியது வேறு. 280 ஆட்டங்களையும் ஒன்று விடாமல் நடத்தி முடித்துவிட்டீர்கள். அந்தக் காலத்தை இதைவிடப் பெரிதாகத் தவறவிட முடியாது. அதற்கு முன், 1871 முதல் 1875 வரை இருந்த தொழில்முறை லீக்கான நேஷனல் அசோசியேஷனில் மைய அட்டவணை என்ற ஒன்றே இல்லை. அணிகளின் செயலாளர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித் தேதி பேசிக்கொண்டார்கள். பாஸ்டன் அணியை நடத்திய ஹாரி ரைட் அப்படி எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அதே ரைட் 1874 சீசனின் நடுவில் தம் அணியையும் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். 1871 அக்டோபரில் சிகாகோ நகரை எரித்த பெருந்தீயில் மைதானத்தை இழந்த அந்த ஊர் அணி, மிச்ச ஆட்டங்களை இரவல் உடையில் வெளியூர்களிலேயே ஆடியது.

1876இல் சிகாகோ அணியின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட் நேஷனல் லீக்கைத் தொடங்கியபோது விதி நீங்கள் வைத்திருப்பதேதான்: எட்டு அணிகள், அணிக்கு 70 ஆட்டங்கள். நடந்தவை, சமனில் முடிந்த மூன்றையும் சேர்த்து, 260. செப்டம்பரில் நியூயார்க் மியூச்சுவல்ஸும் அத்லெட்டிக்ஸும் கடைசி மேற்குப் பயணத்துக்குக் கிளம்பவே இல்லை. ஏன் கிளம்ப வேண்டும்? அத்லெட்டிக்ஸ் மொத்தமே 14 ஆட்டங்களில்தான் வென்றிருந்தது. பட்டம் கைவிட்டுப் போய், கையிருப்பும் கரைந்துவிட்ட ஓர் அணி, பதினொரு பேருக்கு ரயில் கட்டணமும் விடுதிச் செலவும் கொடுத்துத் தோற்கப் போக வேண்டும். ஹல்பர்ட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. டிசம்பரில் நாட்டின் இரண்டு மிகப் பெரிய நகரங்களின் அணிகளையும் லீக்கிலிருந்து நீக்கினார். 1883 வரை அந்த லீக்கில் நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடமில்லை. அடுத்த சீசனிலிருந்து அட்டவணையை லீக்கே போட்டது.

நடக்காத அந்த இருபது ஆட்டங்களில்தான் உங்கள் நாவல் இருக்கிறது, ஆர். போவதா வேண்டாமா என்று பொருளாளர் கணக்கேட்டைப் புரட்டுகிறார். சம்பள பாக்கிக்காகக் காத்திருக்கும் பந்து வீச்சாளர் வாசலில் நிற்கிறார். சிகாகோவில் நுழைவுச்சீட்டு ஐம்பது சென்ட், அதில் விருந்தாளி அணிக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மழை பெய்தால் அதுவும் இல்லை. இந்த மனிதர்களுக்கெல்லாம் இடம் கொடுக்காமல் கட்டங்களை நிரப்பியிருக்கிறீர்களே என்பதுதான் என் கோபம்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான பகுதியை ரயில் பாதைப்படி திருத்தினால் போதும். செப்டம்பரை அழித்துவிட்டு, உங்கள் எட்டு அணிகளின் கையிருப்பை ஒரு தாளில் எழுதி, யார் கிளம்புவார்கள், யார் தந்தி அடித்து மறுப்பார்கள் என்று அதை வைத்தே முடிவுசெய்து எனக்கு அனுப்புங்கள்.