மக சாப்புடுற மாத்திரைய நிறுத்திடவா டாக்டர்?

பாம்பன்ல இருந்து ஒரு அம்மா கேக்குறாங்க: "மகளுக்கு 16 வயசு, ப்ளஸ் ஒன். நாலஞ்சு மாசமா யார்கூடவும் பேச்சில்ல, சாப்பாடு எறங்கல, ஸ்கூல் போகமாட்டேன்னு படுத்தே கெடந்தா. ராமநாதபுரத்துல மனநல டாக்டர்ட்ட காட்டுனோம், டிப்ரஷன்னு சொல்லி ஃபுளுவாக்ஸிடின் 10 மில்லிகிராம் குடுத்தாங்க. ரெண்டு வாரமாச்சு, கொமட்டுது, தூக்கம் வரலங்குறா, முன்னேத்தம் ஒன்னும் தெரியல. இந்த மாத்திரையால புள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரும்னு அமெரிக்காவுல எச்சரிக்கை போட்ருக்காங்கன்னு கொழுந்தன் மகன் போன்ல காட்டுனான். மாமியா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போவோம்ங்கிறாங்க. நிறுத்திடவா?"

அம்மா, நீங்களா நிறுத்தாதீங்க. எழுதிக்குடுத்த டாக்டர்ட்ட நாளைக்கே பேசுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

பையன் காட்டுனது பொய் இல்ல. 2004-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. போட்ட எச்சரிக்கை அது, டிப்ரஷன் மாத்திரையோட விவரத்தாள்ல கறுப்புக் கட்டம் கட்டி வரும், 2007-ல 24 வயசு வரைக்கும் நீட்டிச்சாங்க. ஆனா அதுக்குள்ள என்ன கணக்கு இருக்குன்னு யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. 24 ஆராய்ச்சி, 4,400 புள்ளைகளுக்கு மேல, மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 4 பேருக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 2 பேருக்கும் தற்கொலை எண்ணமோ அது மாதிரி நடத்தையோ இருந்துச்சு, ஒருத்தர்கூட எறந்துபோகல. ரெண்டு நாலாச்சு, அத சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த எச்சரிக்கை மாத்திரைய குடுக்கக்கூடாதுன்னு சொல்லல, ஆரம்பிச்ச முதல் சில வாரமும் டோஸ் மாத்துற சமயமும் புள்ளைய பக்கத்துல இருந்து கவனிங்கன்னு சொல்லுது. நீங்க இப்ப அந்தக் காலத்துலதான் இருக்கீங்க.

இன்னொன்னு, டிப்ரஷன் மாத்திரை எல்லாமே ஒன்னு கெடையாது. பேராக்ஸிடின்னு ஒன்னு, 2001-ல வளரிளம் புள்ளைகளுக்கு நல்லா வேல செய்யுதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, கம்பெனி காசுல நடந்த ஆராய்ச்சிதான், அப்பறம் வேற ஆளுங்க அதே டேட்டாவ தோண்டிப் பாத்து 2015-ல வெளியிட்டாங்க, பலனும் இல்ல பாதுகாப்பும் இல்லன்னு. இதக் கேட்டா வர்ற கோவம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனா அந்தக் கோவத்த ஃபுளுவாக்ஸிடின் மேல காட்டக்கூடாது. 2016-ல 14 மருந்த ஒன்னுக்கொன்னு ஒப்பிட்டுப் பாத்தப்ப, புள்ளைங்க டிப்ரஷனுக்கு வெறும் மாத்திரைய விடத் தெளிவா மேல நின்னது இது ஒன்னுதான். 12-லருந்து 17 வயசு வரை 439 பேர வச்சு அமெரிக்காவுல பண்ணுன ஆராய்ச்சி 2004-ல வந்துச்சு, 12 வாரத்துல மாத்திரையும் கவுன்சிலிங்கும் சேத்து எடுத்தவங்கள்ல 100-க்கு 71 பேர் தேறுனாங்க, மாத்திரை மட்டும்னா 61, கவுன்சிலிங் மட்டும்னா 43, வெறும் மாத்திரைக்கு 35. வெறும் மாத்திரைக்கே 35-ன்னா பாத்துக்கோங்க, யாராவது நம்மள கவனிக்கிறாங்கங்கிறதே புள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம். கவுன்சிலிங் பத்தி நீங்க ஒரு வார்த்தகூட எழுதல, நம்ம பக்கம் மாத்திரை சீட்டு வாங்குனதோட ஊருக்குக் கெளம்பிடுறோம், அதையும் கேட்டு வாங்குங்க.

இப்ப சைடு எஃபெக்ட். கொமட்டல், தலைவலி, பசி கொறையுறது இதெல்லாம் பெரும்பாலும் ஓரிரு வாரத்துல தானா அடங்கும், சாப்பிட்டதும் போடச் சொல்லுங்க. தூக்கம் வரலன்னா எத்தன மணிக்குப் போடுறான்னு பாருங்க, ராத்திரி போட்டுட்டு இருந்தா காலைக்கு மாத்திக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. முன்னேத்தம் தெரியலங்குறதுக்கு ரெண்டு வாரம் பத்தாது, நாலுலருந்து ஆறு வாரம் ஆகும், 10 மில்லிங்கிறது தொடக்க டோஸ்தான்.

ஆனா நான் பயப்படுறது கொமட்டலுக்கு இல்ல. ஒரு எடத்துல உக்கார முடியாம உள்ளுக்குள்ள தவிக்கிறாளா, காரணமே இல்லாம எரிஞ்சு எரிஞ்சு விழுறாளா, தூக்கமே இல்லாம ஓவரா பேசி ஓவரா துள்ளுறாளா, செத்துப்போறத பத்தி பேசுறாளா இல்ல எழுதி வைக்கிறாளா, இதுல ஏதாவது ஒன்னு புதுசா வந்தா அன்னைக்கே டாக்டரப் பாக்கணும், ராத்திரின்னா ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே போயிடுங்க. தூக்கமில்லன்னு அவ சொல்றது இந்தத் தவிப்பு வகையா வெறும் தூக்கமின்மையான்னு இன்னைக்கே உக்காந்து கேளுங்க. சாகணும்னு தோணுதாம்மான்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த எண்ணத்த நாமளே வெதைச்சிருவோம்னு நெனைக்காதீங்க, அப்படி ஆகுறதில்ல. வீட்டுல யாருக்காவது ஒரேயடியா துள்ளிட்டு அப்பறம் முழுசா ஒடுங்கிப்போற வியாதி இருந்துச்சுன்னா அதையும் மறைக்காம டாக்டர்ட்ட சொல்லுங்க, அந்தக் குடும்பத்துப் புள்ளைகளுக்கு இந்த மாத்திரைய ரொம்ப யோசிச்சுத்தான் குடுப்போம்.

மாத்திரை அட்டைய அவ கையில குடுக்காதீங்க, பூட்டி வச்சு ஒவ்வொன்னா நீங்களே எடுத்துக் குடுங்க, வீட்டுல இருக்க பூச்சி மருந்து எலி மருந்தெல்லாம் அப்பறப்படுத்திருங்க. அவங்க அப்பா கடலுக்குப் போற நாள்ல நீங்க மட்டும்தான்னா மாமியாவுக்கும் வெவரம் சொல்லி வைங்க. மாதவிடாய் வலிக்கு மெடிக்கல்ல மெஃபெனமிக் ஆசிடோ ஐபுப்ரோஃபெனோ அடிக்கடி வாங்கிக் குடுத்துறாதீங்க, இதோட சேந்தா ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், பாராசிட்டமால் பரவால்ல.

ஏர்வாடி விஷயம். மாமியாவ நான் கொற சொல்ல மாட்டேன், எந்த மதமா இருந்தாலும் நம்ம பக்கம் மனசு சரியில்லன்னா ஏர்வாடிதான். வேண்டிட்டு வரட்டும், ஆனா மாத்திரைய நிறுத்திட்டுப் போறதும், அங்க விடுதியில தனியா விட்டுட்டு வர்றதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல அங்க மனநோயாளிங்கள வச்சிருந்த ஒரு விடுதியில தீப்பிடிச்சு, சங்கிலியில கெடந்த 28 பேர் போயிட்டாங்க, ஜில்லாவுல மறந்தவங்க யாரு. இப்ப தர்கா பக்கத்துலயே பிரார்த்தனையோட அரசு மனநல சிகிச்சையும் குடுக்குறாங்க, மாமியாகிட்ட அதையும் சொல்லுங்க.

தேறிட்டான்னாலும் ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் வரைக்கும் தொடரச் சொல்லுவாங்க, நிறுத்துறதும் படிப்படியா டாக்டர் சொல்லித்தான். நடுராத்திரியில பயமா இருந்து யாரையும் கேக்க முடியலன்னா 14416-க்கு அடிங்க, டெலி மனாஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசுவாங்க. மகளுக்கும் அந்த நம்பரக் குடுத்து வைங்க.