ஒரே மாத்திரைக்கு ஏன் இரண்டு விலை?

கும்பகோணத்தில் டாக்டர் எழுதித்தரும் சர்க்கரை மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் ஒரு விலை, மக்கள் மருந்தகத்தில் அதைவிடக் குறைவு. ஏன் என்பதுதான் கேள்வி.

சீட்டில் இருப்பது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். அட்டையில் சின்ன எழுத்தில் 'மெட்ஃபார்மின் 500 மி.கி.' என்றிருக்கிறதே, அதுதான் மருந்து. அந்த மூலப்பெயரிலேயே விற்பது ஜெனரிக்; மக்கள் மருந்தகத்தில் கிடைப்பது அதுதான். மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமை 20 ஆண்டுதான். முடிந்துவிட்டால் உரிமம் பெற்ற எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம். அதன்பிறகும் விலையை ஏற்றுவது விளம்பரம், டாக்டரைப் பார்க்க வரும் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியின் சம்பளம், வியாபாரிகளின் லாபம். ஒரே மில்லில் அரைத்த பொன்னி அரிசி சாக்கில் ஒரு விலை, படம் போட்ட பையில் ஒரு விலை என்பதுபோல.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் வைத்து, மூலப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது. அதனால்தான் அங்கே இலவசமாகக் கொடுக்கக் கட்டுப்படியாகிறது.

டாக்டர் பிராண்ட் எழுதினாலே கமிஷன் என்று நினைப்பது நியாயமில்லை. பழகிய மருந்து என்ற நம்பிக்கையும் உண்டு. 'ஜெனரிக் போதுமா?' என்று கேட்டுவிடலாம். வலிப்பு, தைராய்டு மருந்துகளைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

விலை குறைவு, அதனால் பவரும் குறைவு என்று சிலர் இரண்டாக விழுங்குகிறார்கள்: எந்த அட்டையானாலும் 500 மி.கி. என்பது 500 மி.கி.தான்.